மெர்லிக்கு வந்த கசெற்

எங்கள் பங்குக் கோவில் இளையோர் சிலர் போன மாதம் ஒரு கணினியையும் பழைய டெக் ஒன்றையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். கலியாணவீடு, செத்தவீடு, முதல்நன்மை என்று பலெர்மோத் தமிழர் வீடுகளில் கிடக்கும் வீடியோக் கசெற்றுகளை எல்லாம் கணினியில் ஏற்றி வைக்கப் போகிறார்களாம். நல்ல வேலைதான். ஆனால் அதிலே ஒருத்தி, இங்கேயே பிறந்தவள், சொன்னாள்: "திரேசா அன்ரி, எல்லாக் கசெற்றிலையும் கடைசியிலை சும்மா கறுப்பா ஓடுது. அதைக் கம்பியூட்டர் தானாவே பிடிச்சு வெட்டிப்போடும்."

"வெட்டாதேங்கோ!" என்றேன். குரல் கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது.

"ஏன் அன்ரி, அதிலை ஒண்டுமில்லையே?"

ஒன்றுமில்லை என்று இவளுக்கு யார் சொன்னது? தொண்ணூறுகளில் பெரும்பகுதியை ஒரு பிலிப்பைன்ஸ்காரியின் வீடியோக் கடையில் கழித்தவள் நான். கறுப்பாக ஓடுகிற கசெற்றில் என்ன கிடக்கலாம் என்று எனக்குத் தெரியும். அதை அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. தேத்தண்ணியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். வாய் வராதது எழுத்தில் வருகிறதா பார்ப்போம்.

நான் மன்னார்க்காரி. இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்த புதிதில் எல்லாரையும் போல பணக்காரர் இருக்கிற லிபெர்த்தாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா வீட்டில், எசமானியை இங்கே அப்படித்தான் சொல்வது, துடைப்பு வேலை செய்தேன். வரெக்கீனா என்று ஒரு வெளுப்பு நீர், நிலம் துடைக்கிறது. அது என் கையைத் தின்றுவிட்டது. விரலெல்லாம் வெடித்துப் புண். "உன் கையைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை" என்று சிஞ்ஞோரா என்னை நிற்பாட்டினார். என் கையைக் கெடுத்தது அவர் வீட்டு நிலம்தான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் நோர்மா அக்காவின் கடை இருந்தது. பிலிப்பைன்ஸ் படங்கள்தான் அங்கே பிரதானம். தமிழ்ப் பெண்கள் போய்ப்போய்க் கேட்டதில் ஒரு தட்டுத் தமிழ்ப் படமும் வைத்திருந்தார். படம் எடுக்கப் போன நான், வேலை இருக்கிறதா என்று கேட்டு நின்றேன். அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஸ்பிரிற்று பட்டால் எரியுமோ?"

"எரிஞ்சால் எரியட்டும்" என்றேன். அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது.

நாங்கள் பேசியது இரண்டு பக்கத்தாலும் உடைந்த இத்தாலியன். பிறகு பிறகு அவர்கள் மொழியும் எனக்கு ஏறிவிட்டது. நாள் முழுக்க அந்தப் படங்களோடு இருந்தால் கல்லுக்கும் ஏறும். இங்கே எல்லாவற்றையும் என் வாய்த் தமிழில்தான் எழுதுகிறேன். அவர்கள் மொழியிலும் அக்காவுக்கு ஒரு சொல் உண்டு, அதைச் சேர்க்காமல் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை.

வேலை என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. அந்த நாட்டுக் கசெற்றை இந்த நாட்டு டெக்கில் அப்படியே போட்டால் நிறம் போய்விடும், படம் நிலைகொள்ளாமல் மேல்நோக்கி உருண்டுகொண்டே இருக்கும். இரண்டு நாட்டுக்கும் முறை வேறு. நடுவிலே ஒரு மாற்றுப்பெட்டியைப் பூட்டி, ஒரு டெக்கில் அங்கத்தைய கசெற்றை ஓடவிட்டு, மற்றதில் வெறுங்கசெற்றில் பதிய வேண்டும். குறுக்குவழி கிடையாது. படம் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும்.

போடுவதற்கு முன் கசெற்றின் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மழை நாட்டிலிருந்து வருகிறவை, வெள்ளையாய்ப் பூஞ்சணம் பிடித்திருக்கும். அப்படியே உள்ளே தள்ளினால் டெக்கில் நாடாவை வாசிக்கிற தலை நாசம். பிறகு ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, இறுகிக் கிடக்கிற நாடாவை இளக்க வேண்டும். தலையைத் துடைக்கிறதென்றால் மான்தோலில் ஸ்பிரிற்றைத் தொட்டு, பக்கவாட்டில் மட்டும். முதல்நாள் நான் சட்டி துலக்குகிற மாதிரி மேலும் கீழும் இழுக்கப் போக, நோர்மா அக்கா என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினார். "நீ இப்ப சிஞ்ஞோரா வீட்டிலை இல்லை" என்றார். பதிந்து முடிந்ததும் கசெற்றின் முதுகில் இருக்கிற சின்னப் பல்லை உடைத்துவிட வேண்டும். உடைத்தால் அதன்மேல் வேறெதுவும் பதியாது.

அவர் சின்ன உருவம். தலையை இழுத்துக் கட்டியிருப்பார். கண்ணாடி கழுத்தில் தொங்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் கீழே போகும், அதுதான் பயம். படம் பார்த்து அவர் அழுததை யாரும் கண்டதில்லை. கடையின் பின்னறையில் வியாழன் பின்னேரங்களில் படம் போடுவோம். வீட்டு வேலைக்காரருக்கு அன்றைக்குத்தானே அரைநாள் லீவு. அறை நிறையப் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, இவர் மூலையில் இருந்து மந்தாரீனோ தோடம்பழத்தை உரித்து உரித்து ஆளுக்கொரு சுளையாய் நீட்டுவார். அழுகிறவர்களுக்குத் தொண்டை காயுமாம்.

எல்லாம் குடும்பப் படங்கள். எந்தக் காலத்துப் படம் என்று உறையைப் பார்க்காமலே சொல்ல எனக்கு வந்துவிட்டது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் அம்மா அடிவாங்குவாள். எழுபது எண்பதுகளின் படத்தில் அம்மா அகப்பையோடு மற்றவர்களைத் துரத்தி அடிப்பாள், வீடு நிறையச் சனம், ஒரே கூத்து. தொண்ணூறுகளின் படத்தில் அம்மா விமான நிலையத்தில் நிற்பாள். வெளிநாட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்திருப்பாள். பிள்ளை முதலில் முகத்தைத் திருப்பும், முறைக்கும், கதவை அடித்துச் சாத்தும். கடைசியில் மழை பெய்யும், பிள்ளை ஓடிவந்து "அம்மா" என்று கட்டிப்பிடிக்கும். அந்த இடத்தில் அறையே ஒப்பாரி வைக்கும்.

தமிழ்ப் பெண்களும் வந்து இருப்பார்கள். அவர்களுக்கு மொழி விளங்காது. நான் கதவோரம் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். படத்தில் எனக்குப் பிடிக்காத மாமிமார் வாயில் இல்லாத வசவெல்லாம் சேர்த்துவிடுவேன். எங்கள் மன்னார்ப் பக்கத்துப் பேசாலைப் பிலோமினா வாய்விட்டுச் சிரித்து, "திரேசாக்கா, இது படத்திலை இருக்கோ, உங்கடை சொந்தச் சரக்கோ?" என்று கேட்பாள்.

படம் முடிந்த பிறகுதான் உண்மையான விசேசம். ஊரிலிருந்து யாருக்காவது வீட்டுக் கசெற் வந்திருக்கும். பிறந்தநாள், பட்டமளிப்பு, புதுக் கூரை போட்டது, பன்றி வாட்டியது. அதை வாங்கினவர் தனியாகப் பார்க்கிற வழக்கம் இல்லை. சமைத்துக்கொண்டு வந்து, பின்னறையில் எல்லாருக்கும் போட்டுக் காட்ட வேண்டும். என்ர மகனைப் பார், என்ர கிணற்றைப் பார் என்று. இன்னொரு வழக்கமும் இருந்தது. வீட்டுக் கசெற்றை யாரும் இடையில் நிற்பாட்டமாட்டார்கள். எல்லாரும் கையசைத்து முடிந்து படம் கறுத்த பிறகும், நாடா தீர்ந்து திரை புள்ளி புள்ளியாய் இரையும் வரை பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இன்னும் ஒரு முகம் வந்துவிடாதா என்று ஒரு ஆசை.

வீட்டுக் கசெற்றுகளை மாற்றுவதற்கு நோர்மா அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தார். "முதல் கொஞ்சம் பார், சரியாப் பதியுதோ எண்டு. கடைசி கொஞ்சம் பார், முழுக்கப் பதிஞ்சுதோ எண்டு. நடுவிலை பார்க்காதை. அது எங்களுக்கு வந்ததில்லை." சொல்லிவிட்டுத் தன் கதிரையைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார்.

ஒருதரம் நான் கேட்காமல் நடுவிலே பார்த்துவிட்டேன். ஒரு சமையல்காரரின் தகப்பன் செத்தவீடு. மனிசனுக்கு அப்போது பெர்மெசோ, இங்கே தங்குகிற அனுமதி, இல்லை, வெளியே போனால் திரும்ப உள்ளே வரமுடியாது, அதனால் போகவில்லை. கசெற்றில் பெட்டியைச் சுற்றிக் குடும்பம் முழுக்க நின்று, கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் பிரேதத்தை வைத்துக்கொண்டு பல்லைக் காட்டினால் ஊரே துப்பும்.

"என்ன சனம் அக்கா இது? செத்தவனுக்குப் பக்கத்திலை நிண்டு சிரிக்குதுகள்."

நோர்மா அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "செத்தவனைப் பார்த்தே சிரிக்கினம்? வரமுடியாமல் இஞ்சை நிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கினம். அவனையும் சேர்த்துச் சாகடிக்கச் சொல்லுறியோ?" என்றார். அதற்குப் பிறகு நான் நடுவிலே பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இனி மெர்லியைப் பற்றி.

மெர்லி லிபெர்த்தாவில் ஒரு படுத்த படுக்கைச் சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொண்டவள். என்னைவிட இளையவள், வாயாடி. புருசன் எப்போதோ விட்டுப் போய்விட்டான். மகள் ஜென்னி தவழுகிற பருவத்தில் அவளைத் தங்கச்சி தெஸ்ஸியிடம் விட்டுவிட்டு வந்தவள். பிறகு வருசக்கணக்காகக் கடதாசி இல்லாமல் போக வழியில்லை. மாதம் தவறாமல் பெரிய பெட்டி ஒன்று ஊருக்குப் போகும். சப்பாத்து, சட்டை, சொக்கிலேற், சவர்க்காரம் என்று எல்லாம் அதற்குள். அங்கிருந்து கசெற் வரும். ஒவ்வொரு கசெற்றிலும் ஜென்னி கைகட்டி நின்று பாடமாக்கியதை ஒரே பாட்டாகச் சொல்லும்: "அம்மா, உங்களை நினைச்சுக்கொண்டிருக்கிறன். நான் வடிவாப் படிக்கிறன். கெதியா உங்களைக் காணவேணும்." மெர்லிக்கு அது காணும். பின்னறையில் எல்லார் முகத்தையும் சுற்றிப் பார்ப்பாள்.

கடதாசி இல்லாதவர்களுக்கு வந்த ஒரு பொதுமன்னிப்பில் அவளுக்குப் பெர்மெசோ கிடைத்தது. கிடைத்த கையோடு மகளை இங்கே எடுக்க ஓடத் தொடங்கினாள். வீடு காட்டவேண்டும் என்றார்கள். சந்தைக்கு மேலே இரண்டு அறை எடுத்தாள். சிறிய கட்டில் வாங்கினாள், அதைத் தூக்கி ஏற்ற நானும் ஒரு கை பிடித்தேன். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் பேசிவைத்தாள். கடைசியில் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் மகள் வரலாம் என்ற அனுமதியும் வந்துவிட்டது. ஊருக்குப் போயிருந்த ஒரு சிநேகிதி திரும்பும்போது கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. ரிக்கற்றும் போட்டாயிற்று. அந்த நேரத்தில்தான் தெஸ்ஸி ஒரு கசெற் அனுப்பினாள், பிரியாவிடை விருந்து எடுத்தது.

"வியாழக்கிழமை எல்லாரும் வரவேணும். திரேசாக்கா, உங்கடை ஆக்களையும் சொல்லுங்கோ. நான் நூடில்ஸ் கிண்டுறன்" என்று மெர்லி கசெற்றைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அதை மாற்றினேன். முதல் கொஞ்சம் பார்த்தேன். புதுச் சூட்கேசுக்குப் பக்கத்தில் ஜென்னி நின்றாள், நன்றாக வளர்ந்துவிட்டாள். படம் தெளிவு. மற்ற வேலையைப் பார்த்துவிட்டுக் கடைசிக்கு வந்தேன். ஜென்னி பாடத்தைச் சொன்னாள்: "அம்மா, நான் வெளிக்கிட்டு நிக்கிறன். கெதியா உங்களிட்டை வாறன்." எல்லாரும் கைதட்டினார்கள். படம் கறுத்தது. வீடியோக்காரன் கமராவின் கண்ணுக்கு மூடியைப் போட்டுவிட்டான். ஆனால் நிற்பாட்டவில்லை. அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்க வேண்டும். கறுப்பில் சத்தம் மட்டும் வந்தது. கோப்பை கழுவுகிற சத்தம், நாய். பிறகு பக்கத்திலேயே ஜென்னியின் குரல்.

"அம்மா, நான் பிழைவிடாமல் சொன்னன்தானே?"

"ஓமடி செல்லம், வடிவாச் சொன்னாய்." அது தெஸ்ஸி.

"அப்ப இனி என்னை அனுப்பமாட்டீங்கள்தானே?"

கோப்பை கழுவுகிற சத்தம் நின்றது.

"ஜென்னி, அவதானே உன்ரை அம்மா."

"இல்லை. அவ பெட்டி அனுப்புறவ. எனக்குப் பெட்டி வேண்டாம். சப்பாத்தையும் திருப்பிக் குடுங்கோ. நான் இனிக் குழப்படி செய்யமாட்டன், அம்மா. என்னை அனுப்பாதேங்கோ, அம்மா. அம்மா…"

தெஸ்ஸியும் அழுகிற சத்தம். அந்தக் கடைசி "அம்மா" முடிய முன்னமே நாடா தீர்ந்துபோனது.

ஸ்பிரிற்றுப் போத்தல் என் கையிலிருந்து நழுவி மேசையில் கவிழ்ந்தது தெரியவில்லை. அந்தப் பிள்ளை பேரம் பேசியிருக்கிறாள்! ஒழுங்காகச் சொல்லிவிட்டால் அனுப்பமாட்டார்கள் என்று நம்பி, பிழைவிடாமல் சொல்லியிருக்கிறாள். இத்தனை வருசம் நாங்கள் பின்னறையில் இருந்து கைதட்டியது எதற்கு?

திரும்பிப் பார்த்தேன். நோர்மா அக்கா முதுகைக் காட்டித்தான் இருந்தார். ஆனால் காது கேட்டிருக்கிறது.

"அக்கா, இந்தக் கடைசித் துண்டு பதியவேண்டாம். கைதட்டலோடை நிப்பாட்டிவிடுவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"பிள்ளைக்குத் தெரியும்." குரல் கீழே போயிருந்தது.

"பிள்ளை வந்து நாலு நாளிலை மறந்துபோம் அக்கா! எல்லாம் முடிஞ்சுது. வீடு, கட்டில், ரிக்கற். இப்ப இதைக் கேட்டால் அவள் செத்துப்போவாள்."

"திரேசா, இது அவளுக்கு வந்தது. வெட்டுறதெண்டால் அவள் வெட்டட்டும்." கவிழ்ந்த ஸ்பிரிற்றைத் துணியால் ஒற்றி எடுத்தார். "ஆனால் ஆக்களுக்கு முன்னாலை வேண்டாம். அவளுக்குத் தனியாப் போட்டுக் காட்டுவம்."

உடனே மெர்லி வேலை செய்கிற சிஞ்ஞோரா வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். சிஞ்ஞோராவின் மகள் எடுத்து, வேலை நேரத்தில் பேச முடியாது என்று வைத்துவிட்டாள். வியாழன் தவிர மெர்லி இரவும் அங்கேயே தங்குகிறவள், அதனால் நான் அந்த வாசலுக்கே போய் மணியை அடித்துப் பார்த்தேன். காவல்காரர் என்னை உள்ளே விடவில்லை. "வியாழக்கிழமை லீவு தானே, அப்போது பார்" என்றார்.

வியாழன் பின்னேரம் வந்தது. மெர்லி வேலை முடித்து, வீட்டுக்குப் போய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பின்னறை நிறைந்துவிட்டது. தமிழ் ஆட்கள் முன்வரிசையில். நோர்மா அக்கா அவளைக் கடை வாசலிலேயே மறித்தார்.

"மெர்லி, இதை நீ முதல் தனியாப் பார். இவை பொறுத்திருக்கட்டும்."

"என்னக்கா, ஒளிச்சுப் பாக்கிற படமே இது?" மெர்லி சிரித்தாள்.

"கடைசியிலை ஒரு விசயம் இருக்கு. நல்ல விசயமில்லை."

மெர்லியின் சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. "தெஸ்ஸி அழுறாளோ? அழுவாள்தான். வளத்தவள் எல்லே. பாவம்" என்று சொல்லிக்கொண்டே சட்டியோடு உள்ளே போய்விட்டாள். அதற்குமேல் என்ன செய்வது? சட்டையைப் பிடித்தா இழுப்பது?

போட்டோம். சூட்கேசைக் காட்டினார்கள், சமையலைக் காட்டினார்கள். ஜென்னி பாடத்தைச் சொன்னாள், நான் வழமை போல் தமிழில் சொன்னேன், குரல் என்னுடையது போல் இல்லை. கைதட்டல். படம் கறுத்தது. நான் டெக்கை நோக்கிப் பாய்ந்தேன்.

"விடுங்கோ, திரேசாக்கா. இன்னும் நாடா ஓடுது" என்றாள் மெர்லி.

அந்த வழக்கம் எனக்குத் தெரியாததா? கை பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. கறுத்த திரையைப் பார்த்தபடி அத்தனை பேரும் இருக்க, அந்தக் குரல் வந்தது.

பிலிப்பைன்ஸ்காரருக்கு விளங்கிவிட்டது. ஒருத்தி வாயைப் பொத்தினாள். முள்ளுக்கரண்டிச் சத்தமெல்லாம் நின்றது. எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிலோமினா நூடில்சை மென்றுகொண்டு என்னிடம் திரும்பினாள். "என்னவாம் திரேசாக்கா? பிள்ளை கெதியா வரவேணுமெண்டு அழுகுதோ? சொல்லுங்கோவன்!"

அந்த அறையில் நான் சொல்லாமல் விட்ட ஒரே படம் அதுதான்.

நாடா தீர்ந்தது. திரை புள்ளியாய் இரைந்தது. நோர்மா அக்கா கையில் உரிக்காத மந்தாரீனோ ஒன்றை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். மெர்லி அழுவாள், விழுவாள், சட்டியைத் தூக்கி எறிவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் எழும்பிவந்து தானே நாடாவைத் திருப்பினாள். கறுப்புத் தொடங்குகிற இடத்தில் விட்டாள். ரிவிக்கு முன்னால் நிலத்தில் இருந்து, காதை அதன் ஒலிபெருக்கியோடு வைத்துக் கேட்டாள். முடிந்தது. இன்னொருதரம் திருப்பினாள்.

யாரோ பிலோமினாவுக்குக் காதுக்குள் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குப் பொறுக்கவில்லை. "மெர்லி, இதுக்கேன் நீ இடிஞ்சுபோறாய்? சின்னப்பிள்ளை. கூட்டிக்கொண்டு வந்து வைச்சிருந்தால் சரிவரும். பிள்ளையள் எல்லாத்தையும் மறந்துபோங்கள்" என்று தன் இத்தாலியனில் கத்தினாள். மற்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள். நானும்தான் தலையாட்டினேன்.

"ஓம், மறந்துபோவாள்" என்றாள் மெர்லி. "என்னையும் அப்பிடித்தான் மறந்தவள்."



பிறகு மெர்லி ரிவியைக் காட்டி என்னிடம் சொன்னாள்: "கேட்டனீங்களோ, அம்மா எண்டு எப்பிடிச் சொல்லுறாள்? எனக்குச் சொல்லுறது வேறை. அது பாடம். இவ்வளவு நாளும் எனக்கு இந்தச் சத்தம் தெரியாது." சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அதிர்ச்சி.

சட்டியில் மிச்சமிருந்ததை எல்லாருக்கும் போட்டுக் கொடுத்தாள். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லத் துணியவில்லை.

அடுத்தநாள் காலை, வேலைக்குப் போகுமுன் தன்னோடு ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடைக்கு வரச்சொல்லிக் கேட்டாள். தெஸ்ஸி வீட்டில் தொலைபேசி இல்லை. முதலில் அயல்வீட்டுக்கு எடுத்துச் சொல்லிவைத்து, அவர்கள் போய்க் கூட்டிவந்த பிறகு மறுபடி எடுக்க வேண்டும். காத்திருந்த நேரம் முழுக்க நான் விசரி மாதிரி வாதாடினேன். வீடு எடுத்தாய், கட்டில் வாங்கினாய், பள்ளிக்கூடம் பார்த்தாய், இந்த அனுமதிக்காக எத்தனை நாள் குவெஸ்தூரா வாசலில் நின்றாய், ஒரு கறுப்புத் துண்டுக்காக எல்லாவற்றையும் விடுவதா, பெற்றவள் நீ எல்லே என்று. மெர்லி தொலைபேசிக் கூண்டுக்குள் போனாள். கதவை முழுக்கச் சாத்தவில்லை, கருவியிலும் சத்தம் பலம், அதனால் எனக்கும் கேட்டது.

ஜென்னியை அழைத்து, கருவியை அவளிடம் கொடுத்திருந்தார்கள். வாங்கின உடனே அந்தப் பிள்ளை பாடத்தைத் தொடங்கியது: "அம்மா, உங்களை நினைச்சுக்கொண்டிருக்கிறன். நான் வெளிக்கிட்டு நிக்கிறன்." மெர்லி குறுக்கிடவில்லை. முழுவதையும் சொல்லிமுடிக்க விட்டாள்.

"பிழைவிடாமல் சொன்னாய், மகள்" என்றாள் பிறகு. "இப்ப நான் சொல்லுறதைக் கேள். நீ இஞ்சை வரவேண்டாம். அங்கையே தெஸ்ஸியோடை இரு. ஒருத்தரும் உன்னை அனுப்பமாட்டினம். நான் சொல்லிப்போட்டன்."



திடீரென்று ஒரு கூச்சல். மெர்லி கருவியைக் காதிலிருந்து எடுக்கவேண்டி வந்தது, அவ்வளவு சத்தம். "உண்மையாவோ? அம்மா, உண்மையாவோ? ஐயோ, நல்ல அம்மா! அம்மா! அம்மா!" அந்தப் பிள்ளை துள்ளுகிறது கம்பிக்குள்ளாலேயே தெரிந்தது.

மெர்லி கருவியை என் பக்கம் நீட்டிப் பிடித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கடவுளே, அந்த முகத்தில் இருந்தது சந்தோசம்.

"கேட்டனீங்களோ, திரேசாக்கா?" என்றாள். "இப்ப அந்தச் சத்தத்திலை எனக்குச் சொன்னவள்."